கயிற்றுக்கு உள்ளே பிடித்த பந்து

சுவிசில், சோலோதுர்ன் நகரத்தில் எல்லாமே பதினொன்று. தேவாலயம் பதினொன்று, நீரூற்று பதினொன்று, கோபுரம் பதினொன்று. ஒரு மணிக்கூட்டில் பன்னிரண்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் பதினொன்றோடு நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒன்பது பேர் விளையாடும் பேஸ்போலைத் தொடங்கினால் என்ன செய்வார்கள்? அணிக்கு ‘இலெவன்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். மிஞ்சிய இரண்டு பேரை வாங்கில் இருத்தி எண்ணிக்கையை நிரப்பினார்கள். அவர்களில் ஒருவர் தபாற்கந்தோர்க்காரர். விளையாட்டின் ஒரு விதிகூட அவருக்குத் தெரியாது. இருந்தாலும் ஒரு ஞாயிறும் தவறாமல் உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தார்.

இலெவன்ஸ் இரண்டாம் பிரிவு அணி. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டில் அதற்கு ஏழு ரசிகர்கள் இருந்தார்கள். ஆறு பேர் ஆட்டக்காரர்களின் மனைவிமார். ஏழாவது ஆள் தில்லைநாதன்.

தில்லைநாதனுக்கு வயது முப்பத்துமூன்று. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, ஆரெ ஆற்றங்கரையில் ஒரு றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். வந்த புதிதில் எட்டு மாதம் அவனை நிலத்துக்கு அடியில், போர் வந்தால் ஒளிந்துகொள்வதற்குக் கட்டிய பங்கர் ஒன்றில் வைத்திருந்தார்கள். நாற்பது கட்டில், ஒரு ஜன்னல் இல்லை. வெளியே மழையா வெயிலா என்று அறிய, படியேறிப் போய் வருகிறவனின் தலைமயிரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வேலை கிடைத்த பிறகு றெஸ்ரோறண்டின் மேல்மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். அறை சின்னது. காலை நீட்டினால் கதவு திறக்கும். ஆனால் அதில் ஒரு ஜன்னல் இருந்தது. முதல் வாரம் முழுக்க அவன் அதைத் திறப்பதும் பூட்டுவதுமாகவே இருந்தான்.

அந்த ஜன்னலுக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது.

வேலை அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். புதுப்பிப்பதற்கான பத்திரம் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குள் வெளிநாட்டவர் பொலிஸ் கந்தோருக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அறை இல்லை. திரும்பவும் பங்கர்தான், தலைமயிரைத் தொட்டுப் பார்க்கும் சீவியம்தான். பத்திரத்தில் தன் பங்கைத் தில்லைநாதன் நிரப்பிவிட்டான். அவன் கையெழுத்து மட்டும் கந்தோரில் வைத்து எடுப்பார்கள். முதலாளி பக்கத்தில் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது: ‘இந்த ஆள் உங்களுக்கு ஏன் தேவை?’ கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம்.

முதலாளிக்காக அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டிய தலைமைச் சமையற்காரர் எஷ்லிமான் இரண்டு கிழமையாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைச் செஃப் என்றே கூப்பிட்டார்கள். பொய் எழுத மாட்டார், சும்மா எழுதவும் மாட்டார். கோப்பை கழுவ ஓர் ஆள் தேவை என்பது உண்மை. இந்த ஆள்தான் தேவை என்பதற்கு அவரிடம் ஒரு காரணமும் அகப்படவில்லை. தில்லைநாதன் கேட்கும்போதெல்லாம் “மோர்கன்” என்பார். நாளைக்கு. தில்லைநாதன் கற்ற முதல் பத்து ஜேர்மன் சொற்களில் அதுவும் ஒன்று. இப்போது அதைக் கேட்கும்போதெல்லாம் அவன் நாட்காட்டியைப் பார்த்தான்.

செஃப்பேதான் இலெவன்ஸ் அணியின் தலைவரும். வெள்ளிக்கிழமை பத்திரத்தை மடித்துத் தன் விளையாட்டுக் காற்சட்டையின் பின்பொக்கற்றில் வைத்தார்.

“ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடியட்டும். வென்றால் எனக்குத் தலை ஓடும்” என்றார்.

தோற்றால் என்ன ஓடும் என்று அவர் சொல்லவில்லை. குசினியில் எல்லோருக்கும் அது தெரியும். போன தடவை தோற்றபோது செஃப் நான்கு நாட்கள் மனிதரோடு பேசவில்லை. சூப்போடு மட்டும் ஏதோ முணுமுணுத்தார். ஞாயிற்றிலிருந்து நான்கு நாள் என்றால் வியாழன். திங்கள் பதினொரு மணி எப்போதோ போயிருக்கும்.

ஆகவே அந்த செப்டெம்பர் ஞாயிறு, ரசிகர்களில் உண்மையாகவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனவன் தில்லைநாதன் ஒருவன்தான். பருவத்தின் கடைசி ஆட்டம். எதிரணி ரெனானிலிருந்து, லவுசான் பக்கத்திலிருந்து வந்த, பிரெஞ்சு பேசுகிற சுவிஸ்காரர். வென்றவர்கள் முதலாம் பிரிவுக்கு ஏறுவார்கள்.

மைதானம் என்றால் ஒரு கமக்காரனின் புல்வெளி. மதில் இல்லை, வேலி இல்லை. எல்லையைக் காட்ட இடுப்பளவு உயரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் சோளத் தோட்டம். மனைவிமார் ஆறு பேரும் பந்தடிக்கும் இடத்துக்குப் பின்னால், தொத்திறைச்சி சுடும் அடுப்பைச் சுற்றி இருந்தார்கள். தில்லைநாதன் மட்டும் வழமைபோல இடது மூலையில், கயிற்றோரம், தன்னந்தனியாக நின்றான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு எல்லைக்கோட்டில் நின்று பார்த்தால்தான் பார்த்த மாதிரி. அத்தோடு சோளத்துக்குள் விழும் பந்துகளைத் தேடி எடுத்துக் கொடுக்கும் பொறுப்பும் அவனுடையது. அணியிடம் இருந்த பந்துகள் மொத்தம் எத்தனை என்று சொல்லத் தேவையில்லை.

முதல் இன்னிங்சில் ரெனான் அணி பந்தைத் தடுக்க இறங்கியது. இடது மூலையைக் காக்க ஓடி வந்தவன் கறுத்த, மெலிந்த ஒரு பையன்மாதிரி ஆள். இடக்கையில் பெரிய தோற்கையுறை. கயிற்றடிக்கு வந்ததும் தில்லைநாதனை மேலும் கீழும் பார்த்தான்.

“அண்ணை தமிழோ?”

“ஓம். நீரும் தமிழோ! உங்கை என்ன செய்யிறீர்?”

“ரெனானிலை பேக்கரியிலை நிக்கிறன் அண்ணை. பேர் இரவீந்திரன். மாக் குழைக்கிற முதலாளிதான் உந்த ரீமுக்கும் முதலாளி. எனக்குப் பந்து பிடிக்கத் தெரியுமெண்டு அறிஞ்சு இழுத்துக்கொண்டு வந்திட்டார்.”

“கையிலை என்ன அது, பலாப்பழத் தோலோ?”

“உது இல்லாட்டிக் கை போயிடும் அண்ணை. இந்தப் பந்து கல்லு. எங்கட லெதர் போலைவிட மோசம்.”

“நாங்கள் வெறுங்கையாலை பிடிச்ச ஆக்கள்” என்றான் தில்லைநாதன். சொல்லியிருக்கக் கூடாது.

“எந்த ஊர் அண்ணை?”

ஊரைச் சொன்னான். எந்தக் கல்லூரி என்று இரவீந்திரன் கேட்டான். அதையும் சொன்னான். பெயர் என்ன என்று கேட்டான். அந்த இடத்தில் தில்லைநாதன் கொஞ்சம் தயங்கினான். தயக்கமே காட்டிக் கொடுத்துவிட்டது.

“ஐயோ! ஓட்டைக்கை தில்லை அண்ணையோ!”

கதை இதுதான். எழுபத்தோராம் ஆண்டு, இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே நடந்த பெரிய கிரிக்கெட் ஆட்டம். எதிரணிக்குக் கடைசி விக்கெட். வெல்ல இரண்டு ஓட்டம் வேண்டும். பந்து வானத்துக்கு எழும்பியது. பதினெட்டு வயதுத் தில்லைநாதன் அதன் கீழே போய் நின்றான். அப்போது அவனுடைய அணியின் விக்கெட் காப்பாளன் உருத்திரமூர்த்தி, “விடு! விடு! என்ர பந்து!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். தில்லைநாதன் மரியாதையானவன். கையை இழுத்துக்கொண்டான். உருத்திரமூர்த்திக்குக் கண்ணில் வெயில். பந்து இரண்டு பேருக்கும் நடுவில், கோழி முட்டை இட்ட மாதிரி, மெத்தென்று நிலத்தில் இருந்தது. அந்த நேரத்தில் மற்றவர்கள் மூன்று தரம் ஓடிவிட்டார்கள்.

கத்தியது உருத்திரமூர்த்தி. பெயர் வந்தது தில்லைநாதனுக்கு. பிறகு அவன் எங்கே போனாலும் அந்தப் பெயர் அவனுக்கு முன்னால் போய் இறங்கியது. கொழும்பில் கந்தோர் வேலைக்குப் போனான், அங்கே இருந்தது. சுவிசுக்கு வந்து அகதி விசாரணைக்குப் போனான். அதிகாரி பெயரையும் ஊரையும் கேட்க, மொழிபெயர்க்க வந்த தமிழர் பேனையை வைத்துவிட்டு, “நீர் அந்தப் பந்தை, அந்தக் கட்சை விட்ட ஆளோ?” என்று கேட்டார். அதிகாரி அது என்ன என்று விசாரித்து, விளங்காமல், இருந்தாலும் எழுதிக்கொண்டார். கோப்பில் இப்போதும் இருக்கிறதாம்.

பதினைந்து வருடமாகத் தில்லைநாதனின் கைகள் மட்டும் தனியாக ஒரு தவம் இருந்தன. குசினியில் அவன் ஒரு தட்டை எடுத்தால் இரண்டு கையாலும், நெஞ்சோடு அணைத்துத்தான் எடுப்பான். நீல விளிம்பு போட்ட பழைய தட்டுகளில் செஃப்புக்கு உயிர். முன்பு இருந்தவர்கள் கிழமைக்கு இரண்டு உடைத்தார்கள். தில்லைநாதன் வந்து ஒரு வருடம். ஒன்றும் உடையவில்லை. உடையாத தட்டு சத்தம் போடாது, ஆகவே அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

“எனக்கு அப்ப ஒம்பது வயசு அண்ணை. மற்றப் பக்கத்துப் பள்ளிக்கூடம். மரத்திலை ஏறி இருந்து பாத்தனான். நீங்கள் கையை இழுத்ததைக் கண்ணாலை கண்டனான்.”

“உருத்திரமூர்த்தி கத்தினது கேட்டதோ?”

“அது கேக்கேல்லை.”

“ஒருத்தருக்கும் கேக்கேல்லை” என்றான் தில்லைநாதன். “பந்தைப் பாரும், வருது!”

பந்து இரவீந்திரனின் காதோரம் பறந்து போய்க் கயிற்றடியில் உருண்டது. ரெனான் அணி முழுவதும் அவனைப் பார்த்துப் பிரெஞ்சில் கத்தியது. இலெவன்சுக்கு இரண்டு ஓட்டம்.

“என்னோடை கதைச்சுக்கொண்டு நில்லும்” என்றான் தில்லைநாதன். “உம்மட பக்கம் தோக்கத்தான் வேணும்.”

“ஏன் அண்ணை உவ்வளவு வன்மம்?”

தில்லைநாதன் பத்திரத்தைப் பற்றிச் சொன்னான். ஜன்னலைப் பற்றியும், சூப்போடு பேசுவதைப் பற்றியும் சொன்னான். இரவீந்திரன் சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். அவனும் பங்கரில் இருந்தவன்தான், வேறு கன்ரோனில், வேறு மாநிலத்தில்.

“வெண்டால் எழுதுவாரோ?”

“வெண்டால் தலை ஓடுமெண்டு சொன்னவர்.”

“தோத்தால்?”

“சூப்.”

 அதற்குப் பிறகு இரவீந்திரன் கயிற்றடிக்கு வரும்போதெல்லாம் இரண்டு பேரும் ஓட்டங்களை எண்ணினார்கள். நான்குக்கு நான்கு. ஆறுக்கு ஆறு. ஏழாவது இன்னிங்சில் ரெனான் ஒன்பது, இலெவன்ஸ் எட்டு. வெயில் சோளத்துக்கு மேலாக இறங்கி வந்து பந்தடிக்கிற பக்கத்துக்காரரின் கண்ணைக் குத்தியது. அடுப்பில் தொத்திறைச்சி கருகியது. மனைவிமார் அதைப் புரட்ட மறந்து எழும்பி நின்றார்கள். தபாற்கந்தோர்க்காரர்கூட முதல் தடவையாக, இப்போது யார் முன்னுக்கு என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். ரெனான் பதினொன்று, இலெவன்ஸ் பத்து. பதினொன்று என்ற எண் சோலோதுர்னை விட்டுவிட்டு வேறு ஊர்க்காரனிடம் போய் நிற்பதைக் கண்டு மனைவிமாரில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

இலெவன்ஸ் அடிக்கிறது. இரண்டு பேர் ஆட்டமிழந்துவிட்டார்கள். இன்னும் ஒருவர் போனால் முடிந்தது. இரண்டாம் தளத்தில் ஒருவன் நிற்கிறான். அடிக்க வருகிறவர் செஃப்.

செஃப்புக்கு நாற்பத்தாறு வயது, நூற்றிருபது கிலோ. ஒருமுறை அவர் முதல் தளத்திலிருந்து இரண்டாம் தளத்துக்கு ஓடும்போது ஒரு வண்ணத்துப்பூச்சி அவர் தோளில் வந்து இருந்து, இளைப்பாறி, சலித்துப் பறந்து போனதைத் தில்லைநாதன் கண்ணால் கண்டிருக்கிறான். வாழ்நாளில் ஒரு ஹோம் ரன் அடித்ததில்லை. பந்தைக் கயிற்றுக்கு வெளியே ஒருமுறை அனுப்பிவிட்டால் போதும், இரண்டு பேரும் ஆறுதலாக நடந்து வந்தாலும் இரண்டு ஓட்டம், ஆட்டம் வெற்றி.

முதல் பந்து, துடுப்பை வீசினார், காற்று. இரண்டாவது, காற்று. இன்னும் ஒன்றைத் தவறவிட்டால் அவுட்.

அவர் திரும்பி நின்றபோது பின்பொக்கற்றில் மடித்த வெள்ளைக் கடுதாசியின் மூலை எட்டிப் பார்த்தது. அவ்வளவு தூரத்தில் அது தெரியாது என்று சொல்வார்கள். தில்லைநாதனுக்குத் தெரிந்தது. கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். 

மூன்றாவது பந்து. சத்தம் முதலில் வந்தது, கோடரியால் விறகு பிளந்த மாதிரி. பிறகு பந்து எழும்பியது. எழும்பி, எழும்பி, மேலே போய், இனி என்ன செய்வது என்று யோசிக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றது. ஒரு காகம் விலகி வழிவிட்டது. பிறகு பந்து நேராக இடது மூலையைப் பார்த்து இறங்கத் தொடங்கியது.

கயிற்றைத் தாண்டுமா, தாண்டாதா?  தாண்டு, தாண்டு என்று தில்லைநாதன் மனதுக்குள் கும்பிட்டான். இரவீந்திரன் பின்பக்கமாகவே ஓடி வந்தான். கயிற்றடிக்கு வந்து, கையுறையை உயர்த்தி, மேலே பார்த்தபடி, பழக்கதோசத்தில் தமிழில் கத்தினான்:

“விடுங்கோ! விடுங்கோ! என்ர பந்து!”

பதினைந்து வருடமாகத் தில்லைநாதன் கேட்கக் காத்திருந்த வசனம் அது. தலை, “ஜன்னல், ஜன்னல்” என்றது. கைகள் தலையைக் கேட்கவில்லை. கயிற்றை விட்டன. உடம்பு முழுவதும் கயிற்றுக்கு மேலால் சாய்ந்து, இரவீந்திரனின் பலாப்பழத் தோலுக்கு ஒரு சாண் மேலே, வெறுங்கை இரண்டும் கிண்ணம்போலக் கூடின. பந்து வந்து அதற்குள் இருந்தது. அசையவில்லை.

அதோடு விட்டானா? பிடித்த கையோடு பந்தை விக்கெட் காப்பாளனுக்கு எறிவது கிரிக்கெட்காரனின் வழக்கம். தொண்ணூறு மீற்றர், ஒரு நேர்கோடு. அடிக்கும் இடத்துக்குப் பின்னால் குந்தியிருந்த ரெனான் ஆளின் கையுறைக்குள் பந்து போய் ‘பட்’ என்று விழுந்தது. அந்த மனிதன் அதிர்ச்சியில் மல்லாக்கச் சாய்ந்தான்.

தில்லைநாதன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். கைதட்டு வரவில்லை. ஆறு மனைவிமாரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். அப்போதுதான் அவனுக்கு, தான் யாருடைய பந்தைப் பிடித்தான் என்பது உறைத்தது. உள்ளங்கை நெருப்பாக எரிந்தது. 

நடுவர் ஜெனீவாவிலிருந்து வந்த ஒரு கிழவர். கைக்கடிகாரம் திருத்துகிறவர். தடித்த கண்ணாடி. முழு ஆட்டத்துக்கும் நடுவர் அவர் ஒருவர்தான். கண்ணில் வெயில், கடைசிக் கணத்தை அவர் காணவில்லை. மெல்ல மெல்ல நடந்து கயிற்றடிக்கு வந்தார். அவருக்குப் பின்னால், எண்பது காலடி தள்ளி, துடுப்பைத் தூக்கியபடி செஃப் வந்துகொண்டிருந்தார்.

நடுவர் பிரெஞ்சில் கேட்டார். தில்லைநாதனுக்குப் பிரெஞ்சு தெரியாது. இரவீந்திரன் மொழிபெயர்த்தான்.

“அண்ணை, விதி இதுதான். பந்தைப் பிடிக்கேக்கை உங்கட கை கயித்துக்கு வெளியிலை, உங்கட பக்கம் இருந்ததெண்டால் அது ஹோம் ரன். உங்கட செஃப் வெண்டிட்டார். கை கயித்துக்கு உள்ளுக்கை, எங்கட பக்கம் வந்ததெண்டால், நான் பிடிக்கவேண்டிய பந்தைப் பாக்க வந்த ஆள் குழப்பினது எண்டு எடுத்து, செஃப் அவுட். எங்கை இருந்தது?”

தில்லைநாதன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். இப்படித்தான் அந்த விசாரணை மேசையிலும் இருந்தான். தெரியாத பாஷையில் ஒருவர் கேட்பார், நடுவில் ஒரு தமிழர் இருப்பார், தன் சீவியம் அந்த இரண்டு வாய்க்கும் நடுவில் தொங்கும்.

“இவர் ஏன் என்னைக் கேக்கிறார்?”

“நான் எதிர்ப்பக்கம். நான் சொன்னால் எடுபடாது. வேறை ஒருத்தரும் கிட்ட நிக்கேல்லை.” இரவீந்திரன் குரலைத் தாழ்த்தினான். “அண்ணை, ஜன்னலை யோசியுங்கோ.”

தில்லைநாதன் எரிகிற உள்ளங்கையைப் பார்த்தான். இரவீந்திரன் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு நடுவரின் பக்கம் திரும்பி, தானாகவே, நீளமாக ஏதோ பிரெஞ்சில் சொன்னான். நடுவர் தலையை ஆட்டினார். வலது கையைத் தூக்கி, சுட்டுவிரலால் வானத்தில் ஒரு வட்டம் போட்டார்.

கோடை முழுக்கப் பார்த்தவனுக்கு அந்த வட்டம் என்னவென்று தெரியாதா? ஹோம் ரன்! அடுப்படியில் மனைவிமார் துள்ளினார்கள். செஃப் நின்ற இடத்திலேயே துடுப்பைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார். ரெனான் அணி இரவீந்திரனைப் பார்த்த பார்வையில், அவன் பஸ்சிலே திரும்பிப் போவானா, நடந்து போவானா என்பதே சந்தேகமாகிவிட்டது.

“வெளியிலை எண்டு சொல்லிப்போட்டன் அண்ணை” என்றான் இரவீந்திரன் மெதுவாக. “பேசாமல் நில்லுங்கோ.”

தில்லைநாதன் பேசாமல்தான் நின்றான். ஜன்னல் தப்பிவிட்டது. நாளைக்குக் காலையில் அதைத் திறக்கலாம், பூட்டலாம். எல்லாம் சரி. ஆனால் ஒரு விசயம் மெல்ல மெல்ல அவன் மண்டைக்குள் ஏறியது. கை வெளியே இருந்ததென்றால் அது ஹோம் ரன். ஹோம் ரன் என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. முடிந்த பந்தை, எல்லைக்கு வெளியே நின்ற ஒருவன் பொறுக்கி எடுத்திருக்கிறான். சோளத்துக்குள் தேடி எடுப்பதுமாதிரி.

அப்படியென்றால் அது கட்ச் இல்லை.

இதை நேர்மை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பொய்யும் உண்மையும் அந்தக் கணத்தில் தில்லைநாதனின் நினைவிலேயே இல்லை. பதினைந்து வருடத்துக்குப் பிறகு, சுவிசில், வெறுங்கையால், “விடு” என்று கத்தக் கத்த ஒரு பந்தைப் பிடித்திருக்கிறான். அதைப் பிடிக்கவில்லை என்கிறார்கள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

“நைன்!” என்று கத்தினான்.

நடுவர் திரும்பினார்.

“நைன்! நைன்!” தில்லைநாதன் கயிற்றடியில் போய் நின்றான். வயிற்றைக் கயிற்றில் முட்டக் கொடுத்தான். முன்னுக்குச் சாய்ந்தான். இரண்டு கையையும் நீட்டி, கயிற்றுக்கு உள்ளே ஒரு முழம், பந்து இருந்த அதே இடத்தில் கிண்ணம் பிடித்துக் காட்டினான். “இங்கை! இங்கை பிடிச்சனான்! கட்ச்! நல்ல கட்ச்!”

“அண்ணை, உங்களுக்கு விசரே?” இரவீந்திரன் தலையில் கை வைத்தான்.

“நீர் வெளியிலை எண்டு சொன்னீர். எழுபத்தோராமாண்டும் உங்கட ஆக்கள் இப்பிடித்தான். மரத்திலை இருந்த உமக்குக் கத்தினது கேக்கேல்லை, இப்ப கிட்ட நிண்டும் கை தெரியேல்லை!”

“நான் உங்களுக்காகத்தானே அண்ணை…”

நடுவர் கயிற்றைப் பார்த்தார். நீட்டியபடி இருந்த கைகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, கடிகாரத்துக்குள் பார்க்கிற மாதிரிக் குனிந்து பார்த்தார். இதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்து, முட்டியை மடக்கி உயர்த்தினார். அவுட்.

ரெனான் வென்றது. பதினொன்றுக்குப் பத்து.

இப்போது செஃப் வந்தார். கீழே போட்ட துடுப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு வந்தார். முகம் வெந்த பீற்றூட் நிறம். புல்லில் அவருடைய காலடி ஒவ்வொன்றும் தில்லைநாதனுக்குத் தனித்தனியாகக் கேட்டது. தன் வாழ்நாளின் ஒரே ஹோம் ரன்னை ஒரு நிமிடம் முழுவதும் வைத்திருந்து இழந்த மனிதர். இரவீந்திரன் தான் எதிரணி ஆள் என்பதை மறந்து, தில்லைநாதனுக்கு முன்னால் போய் நின்றான். செஃப் அவனை ஒரு கையால் கதவைத் திறக்கிறமாதிரி விலக்கினார்.

“கையைக் காட்டு.”

குசினி ஜேர்மன். தில்லைநாதனுக்கு விளங்கியது. காட்டினான்.

வலது உள்ளங்கை வீங்கிப் பணிஸ்போல இருந்தது. அதன் நடுவில், சிவப்பாக, வளைவாக, பேஸ்போல் பந்தின் தையல் அப்படியே பதிந்திருந்தது. செஃப் அதைப் பார்த்தார். இரண்டு வளைவு. விரலால் தொட்டார். தில்லைநாதன் பல்லைக் கடித்தான்.

“கையுறை இல்லாமல்?”

“யா, செஃப்.”

“அந்தப் பந்தை?”

“யா, செஃப்.”

செஃப் கொஞ்ச நேரம் சோளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கால் பெரிதாக மூச்சு விட்டார். பிறகு பின்பொக்கற்றிலிருந்து பத்திரத்தை எடுத்தார். வியர்வையில் நனைந்து, ஒரு மூலையில் கடுகுச் சாந்து ஒட்டியிருந்தது. நடுவரின் சட்டையிலிருந்து பேனையைக் கேட்காமலே உருவினார். இரவீந்திரனைத் திருப்பி, அவன் முதுகை மேசையாக்கி, அந்த இரண்டு விரல் வெற்றிடத்தில் எழுதினார். ஒரு வரிகூட இல்லை, மூன்று சொல். கடைசிச் சொல்லின் முற்றுப்புள்ளியை அவர் குத்திய குத்தில் இரவீந்திரன் “ஆ” என்றான். கீழே கையெழுத்து. பத்திரத்தைத் தில்லைநாதனின் சட்டைப்பைக்குள் திணித்துவிட்டு, யாரோடும் பேசாமல், துடுப்பை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

“என்ன எழுதியிருக்கு?” என்றான் தில்லைநாதன்.

“எனக்குப் பிரெஞ்சுதானே அண்ணை தெரியும். அதோடை இது எழுத்தே இல்லை, கோழி கிளறின மாதிரி.”

“ஆளை அனுப்புங்கோ எண்டு எழுதியிருப்பாரோ?”

“அதுக்கு மூண்டு சொல் போதும்தான்” என்றான் இரவீந்திரன். பிறகு, அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவன்போல, “அண்ணை, மெய்யா நல்ல கட்ச். ஊருக்கு எழுதிறன்” என்றான். ரெனான் பஸ்சில் அவனுக்குக் கடைசி வாங்கில்தான் இடம் கிடைத்தது, ஆனால் கிடைத்தது.

திங்கட்கிழமை காலை குசினியில் செஃப் சூப்போடுதான் பேசினார். தில்லைநாதன் ஜன்னலைத் திறந்து ஒருமுறை வெளியே பார்த்துவிட்டு, இது கடைசித் தடவையோ என்று நினைத்து, இன்னொருமுறை பார்த்துவிட்டுப் புறப்பட்டான். வெளிநாட்டவர் பொலிஸ் கந்தோரில் பத்து முப்பதுக்குப் போய் வரிசையில் நின்றான். பத்து ஐம்பதுக்குக் கண்ணாடிக்கு முன்னால் வந்தான்.

உள்ளே இருந்த பெண் கடுகுச் சாந்தைச் சுரண்டிவிட்டு வாசித்தாள். புருவத்தை உயர்த்தினாள். எழுந்து போய்ப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினாள். அவரும் வாசித்தார். இரண்டு பேரும் தில்லைநாதனைத் திரும்பிப் பார்த்தார்கள். சுவரில் மணிக்கூடு பத்து ஐம்பத்தாறு. 

அவள் திரும்பி வந்து, அவன் முகத்தைக் கண்டு, கடுதாசியைக் கண்ணாடியில் ஒட்ட வைத்து, ஒவ்வொரு சொல்லாக விரலால் காட்டி வாசித்தாள்.

“லெஸ்ற். நிஹ்ற்ஸ். ஃபாலன்.”

மூன்று சொல்லும் குசினிச் சொற்கள். ஒரு வருடமாகக் கேட்ட சொற்கள். எதையும் கீழே விழ விடமாட்டான்.

கையெழுத்து வைக்கச் சொன்னாள். வீங்கிய விரல்களுக்குள் பேனை நிற்கவில்லை. இடக்கையால் வைத்தான். பழைய கையெழுத்துக்கும் புதியதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் சந்தேகமாகப் பார்க்க, உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியில் வைத்துக் காட்டினான். அவள் எழுந்து நின்று, அந்தத் தையல் வளைவுகளைக் கிட்டப் பார்த்து, அடுத்த மேசைக்காரரையும் கூப்பிட்டு, இரண்டு பேருமாக எண்ணத் தொடங்கினார்கள். ஒரு வரிசையில் எத்தனை தையல் இருந்தது என்று கேட்டால், சோலோதுர்ன்காரர் வேறு எதைச் சொல்லப் போகிறார்கள்? சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினாள். பத்து ஐம்பத்தொன்பது.

இன்னும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள்.

தில்லைநாதன் யோசித்தான். தனக்குத் தெரிந்த ஜேர்மன் எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்து, அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்று வேண்டும் என்றான். முத்திரையும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

யாருக்கு என்று அவள் கேட்டாள்.

“உருத்திரமூர்த்திக்கு” என்றான்.